அத்தியாயம் 7: பருப்பளவு சன்னலுக்குள் ஒரு பயணிகள் அறை

டகோட்டா விமானத்தின் மாதிரிக் கிட் ஒன்றை வாங்கிப் பெட்டியைத் திறந்தால், உடலுக்குள் வைக்க இரண்டு நீளப் பெஞ்சுகள் இருக்கும். பாராசூட் கட்டிய சிப்பாய்கள் சுவரோரமாக எதிரெதிரே உட்காரும் பெஞ்சுகள். 1/72 அளவில் ஏர்ஃபிக்ஸ் 2014-இல் புதிதாகக் கொண்டுவந்த கிட்டும் சரி, அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே கிடைக்கும் இத்தாலேரி கிட்டும் சரி, அடிப்படையில் போர்க்காலத்து சி-47தான். நமக்கு வேண்டியது அதுவல்ல. 1947 டிசம்பர் 10 அன்று ரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கு வந்து சேவையைத் தொடங்கிய ஏர் சிலோன் டகோட்டா வேண்டும். சீதா தேவி, விகாரமகா தேவி, சுனேத்ரா தேவி என்று அந்நிறுவனத்தின் மூன்று டகோட்டாக்களுக்கும் ராணிகளின் பெயர் வைத்திருந்தார்கள். அல்லது 1953 ஆகஸ்ட் 1 அன்று எட்டு நிறுவனங்களைச் சேர்த்து இந்தியன் ஏர்லைன்ஸ் உருவானபோது அதன் கைக்கு வந்த 74 டகோட்டாக்களில் ஒன்று வேண்டும். இரண்டிலும் பெஞ்சு கிடையாது. மெத்தை இருக்கை, திரைச்சீலை, தலைக்கு மேல் தொப்பியும் பையும் வைக்கும் தட்டு. எதுவும் பெட்டியில் வராது. எல்லாம் நாமே செய்ய வேண்டியவை.

இதில் நமக்கு முன்னோடிகள் உண்டு. போர் முடிந்து மலிவு விலைக்கு வந்த சி-47களைப் பெங்களூரில் ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் தொழிற்சாலை இதேபோலத்தான் பெஞ்சைக் கழற்றி, உள்ளறையை மாற்றி, பயணிகள் விமானமாக்கி நிறுவனங்களுக்குக் கொடுத்தது. அவர்கள் ஆலையில் செய்ததை நாம் மேசையில் செய்கிறோம்.

முதல் வேலை கத்தியை எடுப்பதல்ல. உடலின் இரு பாதிகளையும் ஒட்டாமல் சேர்த்து ரப்பர் பேண்டு போடுங்கள். இறக்கை பொருந்தும் ஓட்டை வழியாகச் செல்போன் டார்ச்சை உள்ளே அடியுங்கள். இப்போது ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து, ஒவ்வொரு சன்னலாகப் பாருங்கள். ஒரு சன்னல் உளுந்தம்பருப்பு அளவுதான் இருக்கும். அதன் வழியாக என்ன தெரிகிறது? எதிர்ச் சன்னலின் வெளிச்சம், நடுவில் இருக்கை முதுகு வரப்போகும் உயரம், கூரையின் ஓரம், அவ்வளவுதான். தரை கிட்டத்தட்டத் தெரியாது. பின்பக்கக் கழிப்பறை தெரியவே தெரியாது. தெரிவதை ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். அந்தத் தாள்தான் உங்கள் வரைபடம். அசல் விமானத்தின் வரைபடத்தை விரித்து வைத்து வெளியிலிருந்து உள்ளே அளப்பவர்கள் மூன்று மாதம் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் செய்துகொண்டிருப்பார்கள். நானும் செய்திருக்கிறேன், நன்றாகத்தான் வந்தது, இன்றுவரை ஒருவரும் பார்த்ததில்லை.

கதவைத் திறந்து வைக்கப்போகிறீர்கள் என்றால் மட்டும் இந்தக் கணக்கு மாறும். சி-47க்கு இடப்பக்கம் பின்னால் பெரிய சரக்குக் கதவு. அதைத் திறந்தால் கடைசி இரண்டு வரிசை, தரை, பின் தடுப்புச் சுவர் எல்லாம் பட்டப்பகலாகத் தெரியும். அந்த இடத்தில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது.

அளவுகளுக்கு வருவோம். 1/72-இல் அசலின் ஒரு மீட்டர் நமக்கு 13.9 மில்லிமீட்டர். டகோட்டாவின் நீளம் 19.7 மீட்டர், மேசையில் 27 சென்டிமீட்டருக்குச் சற்று மேல். உள்ளறையின் அகலம் ஏறத்தாழ 2.3 மீட்டர், அதாவது 32 மி.மீ. உயரம் 2 மீட்டர், 28 மி.மீ. இதை நம்பி உடனே அட்டையை வெட்டிவிடாதீர்கள். உங்கள் கிட்டின் உட்பக்கத்தை நீங்களே அளந்து பாருங்கள். கிட்டின் சுவர் ஒரு மி.மீ. தடிமன் என்றால், அசல் கணக்கில் அது 7 சென்டிமீட்டர். டகோட்டாவின் அலுமினியத் தோலோடு உள் பூச்சு, சத்தம் தடுக்கும் பஞ்சு எல்லாவற்றையும் சேர்த்தால் சுவர் அங்கேயும் தடிமன்தான் என்பதால் இது பெரிய பிழையாகாது. பிழை சன்னல் ஓரத்தில்தான் கண்ணில் குத்தும். ஏதோ கோட்டைச் சுவரில் பீரங்கித் துளை போட்டதுபோல் இருக்கும். சன்னலின் உள் விளிம்பைச் சின்ன அரத்தால் சாய்வாகத் தேய்த்து, வெளி விளிம்பு மட்டும் மெல்லிசாக நிற்கும்படி செய்யுங்கள். இருபுறமும் சேர்த்து ஒரு சாயங்காலம் ஆகும். இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு வேலைதான் செய்வேன் என்பவர்கள் இதைச் செய்யுங்கள்.

இனி இருக்கைகள். டகோட்டாவின் பயணிகள் வடிவமான டிசி-3இன் பழைய ஏற்பாடு 21 பேருக்கு: ஏழு வரிசை, ஒரு பக்கம் இரண்டு, மறுபக்கம் ஒன்று. நெருக்கி அடுக்கினால் இரண்டும் இரண்டுமாக 28. எது உங்கள் விமானம் என்பதைப் படத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். வரிசைகளின் இடைவெளியை அளவுகோலால் குறிக்காதீர்கள். சன்னலைப் பார்த்துக் குறியுங்கள். டகோட்டாவில் வரிசைக்கு ஒரு சன்னல் என்பது ஏறக்குறைய ஒத்துப்போகும். கிட் செய்தவர் சன்னலை அரை மி.மீ. தள்ளி வைத்திருந்தால் இருக்கையும் அவரோடு அரை மி.மீ. தள்ளிப் போகட்டும். ஒரு வரிசை சன்னலுக்கு நடுவிலும் அடுத்தது சன்னல் கட்டைக்குப் பின்னாலுமாக நின்றால், என்ன தப்பு என்று தெரியாமலே பார்ப்பவர் கண் உறுத்தும்.

21 இருக்கையைத் தனித்தனியாகச் செய்ய உட்கார்ந்தால் ஏழாவதில் வெறுத்துப்போகும். கோவில்பட்டியில் கடலை மிட்டாய் எப்படிச் செய்கிறார்கள்? ஒவ்வொரு துண்டாகவா பிடிக்கிறார்கள்? பாளமாகத் தட்டி வெட்டுகிறார்கள். அதுதான் வழி.

காலாவதியான ஏடிஎம் அட்டை எல்லார் வீட்டிலும் இருக்கும். எந்த வங்கி கொடுத்தாலும் தடிமன் 0.76 மி.மீ.தான், உலகம் முழுக்க ஒரே அளவு. சிப்பும் காந்தப் பட்டையும் உள்ள பகுதியைத் துண்டுதுண்டாக வெட்டி எறிந்துவிட்டு, மிச்சத்தை நீளவாக்கில் கீற்றாக வெட்டுங்கள். 6 மி.மீ. அகலத்தில் மூன்று கீற்றை அடுக்கினால் உட்காரும் மெத்தை, 2.3 மி.மீ. தடிமன் வரும். 9 மி.மீ. அகலத்தில் இரண்டு கீற்றைச் சேர்த்து, மெத்தையின் பின் விளிம்பில் கொஞ்சம் பின்னால் சாய்த்து நிறுத்தினால் முதுகு. மெத்தைக்கு அடியில் இரண்டு தீக்குச்சிகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டுங்கள். குச்சிக்கு 2 மி.மீ., ஆக 4 மி.மீ. தரையிலிருந்து மெத்தையின் மேல்மட்டம் 6 மி.மீ. சொச்சம். அசல் கணக்கில் 45 சென்டிமீட்டர், நம் வீட்டு நாற்காலியின் உயரம்.

இப்போது உங்கள் கையில் இருப்பது யாரும் உட்கார முடியாத ஒரு நீளமான சோபா. மெத்தையின் முன் விளிம்பையும் முதுகின் மேல் விளிம்பையும் உப்புத்தாளால் உருட்டிவிடுங்கள். தேய்ப்பதை இப்போதே முடியுங்கள். வெட்டிய பிறகு 21 முறை தேய்க்க வேண்டிவரும். பிறகு மெல்லிய ரம்பத்தால் அறுங்கள்: ஒற்றை இருக்கைக்கு 6 மி.மீ., இரட்டைக்கு 12.5 மி.மீ. இரட்டையின் நடுவில் கத்தி முதுகால் ஒரு கீறல் போட்டால் இரண்டு பேர் உட்காரலாம். ஓர் அட்டை நீளச் சோபா ஏறத்தாழ 85 மி.மீ. 21 பேர் விமானத்துக்கு இரண்டு சோபா போதும். 28 பேருக்கு மூன்று.

ஏடிஎம் அட்டை பிவிசி. கிட்டோடு வாங்கும் பிளாஸ்டிக் சிமென்ட் இதைச் சரியாகப் பிடிக்காது, சூப்பர் க்ளூதான். சிமென்டே வேண்டும் என்பவர்கள் அடியில் முக்கோணத்துக்குள் 6 என்று போட்ட வெள்ளை டப்பாக்களைத் தேடுங்கள். அது பாலிஸ்டைரீன், கிட்டின் சொந்த இனம். விருந்து வீட்டு ஐஸ்கிரீம் கப்பைக் கவிழ்த்து நம்பர் பார்க்கும் பழக்கம் எனக்கு வந்துவிட்டது. வீட்டார் என்ன நினைப்பார்கள் என்பதை இந்த நூலில் பேச இடமில்லை.

இருக்கைக்கு வண்ணம் எதுவானாலும், அசல் நிறத்தைவிட ஒரு படி வெளிறலாக அடியுங்கள். உள்ளே இருட்டு. கரும்பச்சை அடித்தால் கறுப்பாகத்தான் தெரியும். சுவருக்கும் கூரைக்கும் இளம் பால் நிறம். தீக்குச்சி மட்டும் கறுப்பு; அப்போது இருக்கை காலில் நிற்பதுபோல் தெரியும்.

உள்ளறை முழுவதிலும் வெளியிலிருந்து முதலில் கண்ணில் படுவது இருக்கையல்ல. அதன் தலைமாட்டில் போர்த்திய வெள்ளைத் துணி. எண்ணெய்த் தலை மெத்தையில் படாமலிருக்க அந்தக் காலத்து விமானங்களில் போடுவார்கள். முகம் துடைக்கும் டிஷ்யூ தாளை எடுத்து அடுக்கைப் பிரியுங்கள். ஓர் அடுக்கை 5 மி.மீ. அகலம், 7 மி.மீ. நீளத்துக்கு நறுக்குங்கள். வெள்ளைப் பசையில் நாலு பங்கு தண்ணீர் விட்டு, முதுகின் உச்சியில் அந்தத் தண்ணீரைத் தடவி, துண்டை இடுக்கியால் போர்த்துங்கள். முன்பக்கம் நீளம், பின்பக்கம் குட்டை. காய்வதற்குள் ஈரத் தூரிகையால் ஓரத்தைத் தட்டினால் துணி மடிப்பு தானாக விழும். எல்லாம் ஒரே நேராக இருக்க வேண்டாம். ஒன்றிரண்டு கோணலாக இருக்கட்டும். யாரோ இப்போதுதான் எழுந்து போனதுபோல் இருக்கும்.

திரைச்சீலைக்கு வீட்டில் பேன்சீப்பு இருக்கிறதா பாருங்கள். சாக்லெட் சுற்றி வரும் மெல்லிய அலுமினியத் தாளைச் சீப்பின் பல்மேல் வைத்து விரல் நகத்தால் மெதுவாகத் தேய்த்தால் பல்லுக்குப் பல் ஒரு மடிப்பு பதியும். பற்களின் இடைவெளி முக்கால் மி.மீ. என்று வைத்தால் அசலில் 5 சென்டிமீட்டர். திரைச்சீலையின் கொசுவம் அந்த அளவில்தானே இருக்கும். சாதாரணச் சீப்பில் செய்தால் கல்யாண மண்டபத்துப் பந்தல் துணி மாதிரி ஆகிவிடும். மடிப்பு கலையாமல் வெட்டி, சன்னலின் இரு ஓரத்திலும் ஒரு மி.மீ. மட்டும் எட்டிப் பார்க்கும்படி உள்ளே ஒட்டுங்கள். சில சன்னலில் பாதி இழுத்து மூடியே வையுங்கள். நீங்கள் எங்காவது சொதப்பிய வரிசையும் அதன் பின்னால் மறையும்.

தலைக்கு மேல் தட்டின் விளிம்புக் கம்பிக்குத் தங்கூசி நரம்பு. நம் கரையில் இதற்கு என்ன பஞ்சம்? வலைக்கடையில் 0.20 நரம்பு கேட்டபோது கடைக்காரர், "எந்த மீனுக்கு அண்ணாச்சி?" என்றார். "பிளேனுக்கு" என்றேன். நூறு மீட்டர் சுருளாகத்தான் கிடைத்தது. என் ஆயுளுக்கும் போதும். 0.20 மி.மீ. நமக்கு ஒன்றரை சென்டிமீட்டர் குழாய். சுருளிலிருந்து வரும் வளைவு போக, ஒரு முனையில் எடை கட்டி இரண்டு நாள் தொங்கவிடுங்கள். தட்டின் வலைப்பின்னலுக்குக் கொசுவலைத் துணி உதவாது. அதன் கண் ஒரு மி.மீ. என்றாலும் அசலில் 7 சென்டிமீட்டர் ஓட்டை, பை கீழே விழுந்துவிடும். ஸ்கிரீன் பிரிண்டிங் செய்பவரிடம் கிழிந்த சட்டத்தின் துணியைக் கேளுங்கள், சும்மாவே தருவார். தரைவிரிப்புக்கு மிக நைசான உப்புத்தாளை வண்ணமடித்து ஒட்டினால் போதும்.

விமானி அறைக்குக் கிட்டில் வருவதே பெரும்பாலும் போதும். முகப்புக் கண்ணாடி சிறியது, நடுவில் சட்டம் வேறு. கருவிப் பலகையின் முள் வட்டங்களில் ஒவ்வொரு துளி நிறமற்ற நகப்பூச்சு வைத்தால் கண்ணாடி மின்னும். இருக்கைப் பட்டைக்கு மாத்திரை அட்டையின் பின்தாள். நகர்வோம்.

கண்ணாடிக்கு வரும்போது ஊரைப் பற்றிப் பேசியாக வேண்டும். வெளிநாட்டுப் புத்தகங்கள் சொல்லும் உலர்நேரம், பசை நேரம் எதுவும் திருச்செந்தூரில் செல்லாது. கடலிலிருந்து நாலு தெரு தள்ளித்தான் என் மேசை. சூப்பர் க்ளூவுக்குக் காற்றின் ஈரம்தான் இறுகும் மருந்து; ஈரம் அதிகமிருந்தால் துண்டைச் சரிசெய்வதற்குள் பிடித்துக்கொள்ளும். அதன் ஆவி பக்கத்திலிருக்கும் கண்ணாடித் துண்டில் வெண்புகையாகப் படியும். ஐப்பசி மழையில் ஒருமுறை உள்ளே ஓர் இருக்கையைச் சூப்பர் க்ளூ வைத்து ஒட்டி, உடலை மூடிவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் பதினான்கு சன்னலும் காடராக்ட் வந்த கண் மாதிரி இருந்தன. ஆகவே சன்னல் வைத்த பிறகு உடலுக்குள் சூப்பர் க்ளூ நுழையவே கூடாது. சன்னலை ஓஎச்பி தாளில் வெட்டி, வெள்ளைப் பசையால் ஒட்டுங்கள். சின்னச் சன்னலாக இருந்தால் தாளும் வேண்டாம்: பல்குத்தும் குச்சியில் பசையை எடுத்துச் சன்னலின் ஓரத்தைச் சுற்றி இழுத்தால் சோப்பு நுரைபோல் ஒரு படலம் நிற்கும், காய்ந்ததும் தெளியும். தெளிய ஒரு நாள் ஆகும், மழைக்காலத்தில் இரண்டு.

ஸ்ப்ரே வண்ணத்துக்கும் இதே சங்கடம். ஈரக் காற்றில் லாக்கர் அடித்தால் மேலே சாம்பல் பூத்துவிடும். மழைக்காலத்தைத் தள்ளிவைத்தால் ஆனி, ஆடியில் கச்சான் காற்று. அது காய்ந்த காற்றுதான். ஆனால் தேரிக்காட்டுச் செம்மணலையும் கூடவே கொண்டுவரும். வெள்ளிப் பூச்சு ஈரமாக இருக்கும்போது செந்தூசி ஒட்டினால் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். காற்று எழும்பும் முன், விடிந்து ஒரு மணி நேரத்துக்குள், அடித்து முடித்துக் கவிழ்த்த பாத்திரத்துக்குள் வைத்துவிடுங்கள்.

எடையைப் பற்றி ஒரு வார்த்தை. டகோட்டா வால்சக்கரத்தில் உட்காரும் விமானம் என்பதால் உள்ளே எவ்வளவு திணித்தாலும் கவலையில்லை. வைகவுண்ட் போல மூக்குச் சக்கரம் உள்ளதைச் செய்தால், இருக்கை, தடுப்பு என்று பின்னால் ஏறும் ஒவ்வொரு கிராமுக்கும் மூக்கில் ஈடு வைக்க வேண்டும். இல்லாவிட்டால் வாலில் உட்கார்ந்துவிடும். வலைக்கு அடியில் கட்டும் ஈயக்குண்டு இதற்கு நன்றாக ஆகும். அதை வெள்ளைப் பசையில் புதைக்காதீர்கள். ஈயமும் அந்தப் பசையும் சேர்ந்தால் சில வருடத்தில் வெள்ளைத் தூளாகப் பூத்து உப்பி, மூக்கையே பிளந்துவிடும். எம்சீல் வைத்து அடையுங்கள். ஈயத்தைத் தொட்ட கையைச் சாப்பிடும் முன் கழுவுங்கள்.

வெளிச்சம் வேண்டுமென்றால் அரிசியளவு எல்இடி இரண்டு, கூரையின் உட்புறம். யுஎஸ்பியின் 5 வோல்ட்டில் நேராகக் கொடுத்தால் எரிந்துபோகும். ஒவ்வொன்றுக்கும் 220 ஓம் தடை ஒன்று போடுங்கள். விளக்கை ஏற்றி இருட்டில் பார்த்தால் உடலே லாந்தர் மாதிரி ஒளிரும், பிளாஸ்டிக் அவ்வளவு மெல்லிசு. ஆகையால் உட்சுவருக்கு முதலில் கறுப்பு, அதன்மேல் வெள்ளி, கடைசியில் பால் நிறம்.

மூடும் முன் டகோட்டாவைச் சக்கரத்தில் நிற்கும் கோணத்தில் வைத்துப் பாருங்கள். மூக்கு பத்துப் பன்னிரண்டு டிகிரி தூக்கி நிற்கும். அசல் பயணி கதவில் ஏறியதும் மேட்டில் நடப்பதுபோல் நடந்துதான் தன் இருக்கைக்குப் போவார். படுக்கை வாக்கில் பார்த்தபோது சரியாக இருந்த இருக்கைகளில் சில இந்தக் கோணத்தில் மல்லாந்து கிடப்பதுபோல் தோன்றும். முதுகின் சாய்வு கூடிப்போனவை அவை. இப்போதே பிடுங்கி நிமிர்த்துங்கள்.

கடைசியாக, இருக்கை உட்காரும் இடத்தில் தரையின் வண்ணத்தைச் சுரண்டிவிட்டு ஒட்டுங்கள். வண்ணத்தின்மேல் ஒட்டினால் பசை வண்ணத்தைத்தான் பிடிக்கும், தரையை அல்ல. என் முதல் ஏர் சிலோன் டகோட்டாவில் நான் அதைச் செய்யவில்லை. உடலை மூடி, இணைப்பைத் தேய்த்து, வெள்ளி அடித்து, ஒட்டுப்படங்கள் எல்லாம் ஒட்டி முடித்து, பார்க்க வந்த மைத்துனர் கையில் கொடுத்தேன். அவர் காதருகே வைத்து ஆட்டினார். "மாப்ள, உள்ள யாரோ எந்திரிச்சி நடக்காவ போலிருக்கே" என்றார். நான்காவது வரிசை. இன்றும் அது உள்ளே உருண்டுகொண்டுதான் இருக்கிறது. அந்த விமானத்தை அதன் பிறகு யார் கையிலும் கொடுப்பதில்லை.